நெருக்குப்பாறைக்கு அந்தப் பக்கம்

கூகைமலை தன் உச்சிக்கு வருகிறவர்களை இனிமேல் தனித்தனியாகத்தான் பார்ப்பது என்று முடிவு செய்தது ஒரு பங்குனி உத்திரத்தன்று, அதுவும் கூட்டம் முண்டியடிக்கிற உச்சிப்பொழுதில். அதனால் அன்றைக்கு மலையேறிய அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் தொலைத்துவிட்டு, தொலைத்த இடத்திலேயே நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினார்கள். ஒருவர் கத்தியது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிள்ளைகளையாவது வீட்டில் விட்டுவிட்டுப் போயிருப்போம். ஆனால் எங்களைக் கேட்டுச் செய்கிற பழக்கம் அந்த மலைக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

மலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து வடக்கே போகிற பஸ்ஸில் இடதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் வயல்களுக்கு நடுவே ஒற்றைக் கல்லாகத் தெரியும், சுற்றியிருந்த சின்ன மலைகளையெல்லாம் அறுத்து லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டதால் இப்போது இன்னும் ஒற்றையாகத் தெரியும். அடிவாரக் குகையில் சமணத் துறவிகள் படுத்துப் படுத்து வழவழப்பாக்கிய கல் படுக்கைகள், அவற்றின் தலைமாட்டில் யாரோ யாருக்கோ இதைச் செய்து கொடுத்தான் என்று சொல்கிற பழைய எழுத்து, அதற்கு மேலே ஒரு பாளையக்காரரின் பாதி இடிந்த கோட்டைச் சுவர், அதற்கும் மேலே வெள்ளைக்காரன் நிலம் அளக்க வந்தபோது பாறையில் கொத்திவைத்த அம்புக்குறி, அதையும் தாண்டினால் நெருக்குப்பாறை. நெருக்குப்பாறை என்பது இரண்டு பெரும் பாறைகளுக்கு நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற சந்து, தொப்பை உள்ளவர்கள் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். அந்தப் பக்கம் போனால் மொட்டை உச்சி, வற்றாத ஒரு சுனை, கல்லில் நட்ட வேல், காற்று. அங்கே படுத்தவர்கள் போய், ஆண்டவர்கள் போய், அளந்தவர்களும் போய்விட்டார்கள், நாங்கள் மட்டும் வருஷம் தவறாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு ஒரு புதுமாப்பிள்ளை பெண்டாட்டியின் கையைப் பிடித்தபடி நெருக்கில் நுழைந்தான், அந்தப் பக்கம் வெளியே வந்தபோது அவன் கை மடங்கியது மடங்கியபடியே இருந்தது, உள்ளே அவள் கைதான் இல்லை. அவனுக்கு முன்னால் போன மாமனார் இல்லை, காவடி எடுத்துப் போனவர்கள் இல்லை, பஞ்சுமிட்டாய்க்காரன் இல்லை. வேலுக்கு முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, ஏற்றியவர் இல்லை. பயந்துபோய்த் திரும்ப நெருக்கில் நுழைந்து இந்தப் பக்கம் வந்தால் பெண்டாட்டி அவனுக்குப் பின்னாலேயே அழுதுகொண்டு வெளியே வருகிறாள், அவளும் அதே உச்சியில் அதே கற்பூரத்துக்கு முன்னால் அவனைக் காணாமல் அலைந்திருக்கிறாள். அப்படித்தான் எல்லோருக்கும். உச்சியில் நிற்கும்போது உலகத்தில் வேறு மனிதர்கள் இல்லை, நெருக்கைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால் இருக்கிறார்கள்.

ஏன் என்று கண்டுபிடிக்க ஆட்கள் வந்தார்கள். போலீஸ் ஏட்டு ஒருவர் விசாரணைக்கு உள்ளே போனார், வெகுநேரம் கழித்து முகம் தெளிந்து வெளியே வந்து, விசாரணை முடியவில்லை, நாளைக்கும் வர வேண்டும் என்றார். ஒரு மாசம் விசாரித்தார். டிவிக்காரர்கள் வந்தார்கள், கேமராக்காரர் தனியாகவும் பேசுகிற பெண் தனியாகவும் ஒரே உச்சியில் நின்றார்கள், கேமராவில் வெறும் பாறையும் காற்றின் இரைச்சலும் பதிவாகியிருந்தன, அதை யார் பார்ப்பார்கள் என்று போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் ஒரு கயிற்றின் ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறுமுனையைத் தலைமையாசிரியர் இடுப்பிலும் கட்டிக்கொண்டு போனார், இரண்டு பேருமே இடுப்பில் முழுக் கயிற்றோடு திரும்பினார்கள், வாங்கியது ஒரு கயிறு, மிஞ்சியது இரண்டு. அது ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்த லாபம்.

அப்புறம் பழகிவிட்டது. எதுதான் பழகாது? கரண்ட் வந்ததும் இப்படித்தான், முதலில் பயந்தோம், பிறகு போனால்தான் பயந்தோம். பூக்கடைக்காரர்கள் குடும்பத்துக்கு ஒரு தட்டு என்று விற்றதை ஆளுக்கு ஒரு தட்டு என்று விற்றார்கள். கொடி பிடித்து ஊர்வலமாக மலையேறுகிற கட்சிக்காரர்கள் நின்றுபோனார்கள், பார்க்க ஆளில்லாத இடத்தில் யாருக்குக் கும்பிடு போடுவது. காதலர்கள் கோட்டைச் சுவரோடு திரும்பினார்கள். அதற்குப் பதிலாக எங்கள் மருமகள்கள் ஏறத் தொடங்கினார்கள். முன்பெல்லாம் கால் வலிக்கிறது என்று அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிடுகிறவர்கள், இப்போது செவ்வாய் வெள்ளி தவறாமல் போனார்கள், என்னடி அப்படி வேண்டுதல் என்று கேட்டால், "அங்கிட்டுப் போனா யாரும் கூப்பிட மாட்டாக அத்தே" என்றார்கள். பூசாரி கருத்தப்பாண்டி மட்டும் கொஞ்சநாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார், தட்டு நீட்ட ஆள் இல்லையே என்று, பிறகு அவரும் ஒரு பாயை எடுத்துக்கொண்டு மேலே போய் மத்தியானம் தூங்கிவிட்டு வந்தார்.

உச்சியில் ஆள்தான் இருக்காது, ஆள் விட்டுப்போனது இருக்கும். யாரோ உரித்த வாழைப்பழத் தோல் கிடக்கும், யாரோ முகம் கழுவிய ஈரம் சுனைக்கரையில் இருக்கும். அதைப் பார்க்கும்போதுதான் நெஞ்சு வலிக்கும். வெறும் தனிமையைத் தாங்கிக்கொள்ளலாம், இப்போதுதான் ஒருவர் எழுந்துபோனார் என்கிற தனிமை பொல்லாதது.

இதிலெல்லாம் தீராதது ஒன்று இருந்தது, அது கைநீர். எங்கள் பக்கத்தில் சண்டை முற்றினால் வெட்டுவேன் குத்துவேன் என்பார்கள், அதெல்லாம் பேச்சுக்கு. "இனி ஒன் கையால பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டால் அது சத்தியம். சொன்னவர் அந்த வீட்டில் கை நனைக்க முடியாது, நல்லது கெட்டதுக்குப் போக முடியாது, மீறினால் சொன்னவரின் வம்சத்துக்கு ஆகாது. அந்தச் சத்தியத்தை அவிழ்க்க ஒரே இடம் கூகைமலைச் சுனைதான். கோட்டை கட்டிய பாளையக்கார அண்ணனும் தம்பியும் கோட்டைக்காகவே அடித்துக்கொண்டு, ஆட்களெல்லாம் மாண்டுபோய், கடைசியில் இரண்டே பேராகச் சுனைக்கரையில் வந்து விழுந்தார்களாம். யார் முதலில் சாவது என்று பார்த்துக்கொண்டு கிடந்தவர்களில் தம்பி எழுந்து தண்ணீரை மோந்து ஊற்ற, அண்ணன் கையை ஏந்திக் குடித்தானாம், குடித்துவிட்டு இருவருமாகப் போய்க் கோட்டைச் சுவரைத் தாங்களே இடித்தார்களாம். அன்றிலிருந்து சத்தியம் செய்தவர் கையை ஏந்த வேண்டும், மற்றவர் சொம்பில் மோந்து ஊற்ற வேண்டும், சொம்பில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது, மிச்சம் வைத்தால் மனத்தாங்கலும் மிஞ்சும். காலிச் சொம்பைக் கவிழ்த்துப் பிடித்தபடி இறங்கி வருகிறவர்களைப் பார்த்தால் என்ன சண்டை என்று யாரும் கேட்க மாட்டோம்.

இரண்டு பேர் சேர்ந்து நிற்கவே முடியாத உச்சியில் கைநீர் எப்படி ஊற்றுவது? சண்டைகள் தேங்கின. அடிவாரத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றிப் பார்த்தார்கள், நிற்கவில்லை, இரண்டு நாளில் மறுபடி ஒருவர் வரப்பை ஒருவர் தோண்டிக்கொண்டார்கள். கடைசியில் ஊர் கூடிப் பேசி ஒரு வழி செய்தது. ஊற்றுகிறவர் தன் உச்சியில் நின்று, எதிரே ஆள் இருப்பதாக நினைத்து ஊற்ற வேண்டும். குடிக்கிறவர் தன் உச்சியில் நின்று, ஊற்றப்படுவதாக நினைத்துச் சுனையில் அள்ளிக் குடிக்க வேண்டும். இறங்கி வந்து ஊத்தினேன், குடிச்சேன் என்று சொல்ல வேண்டும், மற்றவர் நம்ப வேண்டும். சில பேருக்கு அது நின்றது. சில பேருக்கு நிற்கவில்லை. குடிச்சேன் என்று அடித்துச் சொல்லி ஏப்பம்கூட விட்டுக்காட்டிய ஒருவன், மேலே போய்ப் பீடி குடித்ததுதான் உண்மை என்று பிறகு பிராந்திக்கடையில் உளறினான். நம்புவதைத் தவிர வேறு வழியில்லாதபோது நம்புவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எங்கள் கீழத்தெருவில் எதிரெதிர் வீடு இரண்டு. ஒன்றில் ஒச்சம்மாள், இன்னொன்றில் அவள் தங்கை சீனியம்மாள். இரண்டு பேரும் புருஷனை இழந்தவர்கள். ஒச்சம்மாளுக்குச் சிவகாசியில் அச்சாபீஸ் வேலையில் ஒரு மகன் உண்டு, பேரன் உண்டு. சீனியம்மாளுக்குப் பிள்ளை இல்லை, அக்கா தங்கையின் தாய் அவளோடுதான் இருந்தாள். மருமகளின் பிரசவத்துக்கு ஒச்சம்மாள் சிவகாசி போயிருந்தபோது தாய்க்கு முடியாமல் போனது. இதற்கு முன்னால் பலமுறை முடியாமல் போய் எழுந்து உட்கார்ந்து வெற்றிலை கேட்டவள்தானே, பிள்ளை பெற்ற வீட்டில் எதற்குக் கலவரம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சீனியம்மாள் இருந்துவிட்டாள். மறுநாள் விடியும்போது தாய் இல்லை. ஒச்சம்மாள் வந்து இறங்கியபோது பிணத்துக்கு நாடிக்கட்டு கட்டியாகிவிட்டது.

"பெத்தவ வாயில ஒரு சொட்டுப் பாலு ஊத்த விட்டியாடி என்னய," என்று கேட்டாள் ஒச்சம்மாள், சத்தம் போட்டுக்கூட இல்லை. "எனக்கு வாய்க்கரிசிதான் மிச்சம் வச்சிருந்தியா. இனி ஒன் கையால பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்." பந்தலில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.  பதிலுக்குச் சொல்லச் சீனியம்மாளிடம் இருந்தது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன் என்கிற ஒரு வரிதான், அதைப் பிணத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது.

அதன் பிறகு அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் பேசாமலும் இருக்கவில்லை. ஒச்சம்மாளின் வெள்ளாட்டைப் பார்த்துப் பேசினார்கள். "இந்தா சனியனே, மழை இருட்டிக்கிட்டு வருது, மொளகா காயப் போட்டவுகளுக்கு நெனப்பு இருக்கான்னு கேளு" என்பாள் ஒச்சம்மாள். "எல்லாம் அள்ளியாச்சுன்னு சொல்லு, இருமல் மருந்த வேளைக்குக் குடிக்கச் சொல்லு" என்பாள் சீனியம்மாள். ஆடு இரண்டையும் கேட்டுக்கொண்டு அசை போடும். ஆடு செத்த பிறகு நடுத்தெருவில் இருந்த கரண்ட் கம்பத்தைப் பார்த்துப் பேசினார்கள். தெருவில் நாங்கள் கம்பத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒதுங்கிப் போவோம்.

கைநீருக்கு யார் யாரை முதலில் கூப்பிடுவது என்பதில் வருஷங்கள் போயின. செய்தவள் கூப்பிடட்டும் என்று அக்கா இருந்தாள், சொன்னவள் கூப்பிடட்டும் என்று தங்கை இருந்தாள். அதற்குள் மலை கதவைச் சாத்திக்கொண்டது. சீனியம்மாளுக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது. அக்காவை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை. ஒரு ஆளுக்குச் சமைப்பது சமையலே இல்லை என்று அவள் சொல்வாள், உலை வைக்கிறபோதே ஆறிப்போகிறது என்பாள். சாயங்காலம் வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்தால் எதிர்வீட்டில் அக்கா முறத்தோடு உட்கார்ந்திருப்பாள், நடுவில் பத்தடித் தெரு, அதைத் தாண்ட இந்த ஜென்மம் போதாது என்று இருக்கும்.

பிறகு ஒரு மாசியில் ஒச்சம்மாளை மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினான் மகன். இருதயம் வீங்கியிருக்கிறது, மாடிப்படிகூட ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னார். திரும்பி வந்த மறுநாள் காலையில் ஒச்சம்மாள் வாசலில் நின்று கம்பத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அடுத்த பங்குனிக்கு இந்தக் காலு ஏறாது. யாருக்காச்சும் வேணும்னா இந்த உத்திரத்துக்கு வரட்டும்."

சீனியம்மாள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். "டாக்டரு ஏறக் கூடாதுன்னாராமே, அதக் கேளு."

"டாக்டரா வந்து ஊத்தப் போறாரு."

சீனியம்மாள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "எப்பக் கெளம்புறாகன்னு கேட்டுச் சொல்லு" என்றாள்.

உத்திரத்தன்று வெயில் ஏறுமுன் கிளம்பினார்கள். அக்கா முன்னால், தங்கை பித்தளைச் சொம்போடு பின்னால். மலையில் கம்பம் இல்லை, அதனால் பேச ஆள் இல்லாமல் ஏறினார்கள். கூகைமலைப் படிகள் படிகளே அல்ல, பாறையில் குதிகால் பதிகிற அளவுக்குக் கொத்திய குழிகள், முன்னால் போன பாதங்கள் தேய்த்துத் தேய்த்து இப்போது நம் பாதம் தானாக அதில் போய் உட்காரும். ஏற ஏற ஊர்ச் சத்தம் கழன்று விழும், முதலில் ரேடியோ, பிறகு நாய்கள், பிறகு லாரிகள். கண்மாய் ஒரு தாம்பாளமாகச் சுருங்கும். இதே குழிகளில் துறவிகளும் சிப்பாய்களும் தலையில் மூட்டையோடு பாட்டனும் பூட்டனும் ஏறினார்கள் என்று நினைத்தால் ஏறுகிறவருக்கு ஒரு துணை வரும், அந்தத் துணையை நம்பித்தான் மூச்சு வாங்க வாங்க ஏறுகிறோம். ஒச்சம்மாள் கல் படுக்கையில் உட்கார்ந்தாள், கோட்டைச் சுவரில் உட்கார்ந்தாள், அம்புக்குறியில் உட்கார்ந்தாள். அவள் உட்காரும்போதெல்லாம் சீனியம்மாளும் நாலு முழம் தள்ளி உட்கார்ந்தாள். ஒரு இடத்தில் ஒச்சம்மாள் பாறையில் இருந்த குரங்கைப் பார்த்து, "மெதுவா வரச் சொல்லு, வெயிலு சுடுது" என்றாள். குரங்கு எதையும் சொல்லாமல் ஓடிவிட்டது.

நெருக்கில் கூட்டம் இருந்தது, ஒவ்வொருவராக நுழைந்துகொண்டிருந்தார்கள். தங்கள் முறை வந்தபோது ஒச்சம்மாள் பாறையில் சாய்ந்து நின்று, நீ போ என்பதாகத் தாடையை ஆட்டினாள். அவள் உதடு கறுத்திருந்தது. சீனியம்மாள் நுழைந்தாள். பாறை இரண்டு பக்கமும் குளிர்ந்து அவள் தோளை உரசியது, பின்னால் அக்கா மூச்சு வாங்குவது கேட்டது, ஒரு அடி வைத்தாள், கேட்டது, இன்னொரு அடி வைத்தாள், கேட்கவில்லை.

வெளியே வந்தாள். யாரும் இல்லை.

தனியாக இருந்து பழகியவள் என்று அவள் தன்னைப் பற்றி நினைத்திருந்தாள், அது தப்பு என்று தெரிந்தது. வீட்டில் தனியாக இருந்தது எதிர்வீட்டை வைத்துக்கொண்டு இருந்தது. இங்கே எதிரே ஒன்றும் இல்லை. காற்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது, வேலில் யாரோ சற்றுமுன் சார்த்திய அரளிமாலை ஆடியது, கீழே நாலு திசையிலும் உலகம் கிடந்தது, அதில் ஒரு ஆள் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. பிறகு, அக்கா இந்நேரம் நுழைந்திருப்பாள், வந்திருப்பாள், இங்கேதான் எங்கேயோ மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பாள் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்தாள். சுனைக்கரையில் நிழல் விழுந்த ஒரு கல்லை முந்தானையால் தட்டிவிட்டு, "உக்காருக்கா" என்றாள்.

உட்காரக் கொஞ்சம் நேரம் கொடுத்தாள். சொம்பை மோந்தாள். ஊற்றுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றி, சொன்னாள். தாய் அன்றைக்குச் சாயங்காலம் அரைத் தோசை தின்றதைச் சொன்னாள், நல்லாத்தான் இருக்கிறாள் என்று நம்பினதைச் சொன்னாள், பொழுது சாய்ந்த பிறகு மூச்சு மாறியபோது பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிடப் போய், பிள்ளை பெற்ற வீடு என்று வாசலோடு திரும்பியதைச் சொன்னாள், விடியட்டும் விடியட்டும் என்று தாயின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள், கடைசியில் தாய் கேட்டது ஒச்சு எங்கே என்றுதான் என்பதையும் சொன்னாள், அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வருஷக்கணக்காக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது கோவையாக வந்தது, அவளே ஆச்சரியப்படுகிற மாதிரி வந்தது. சொல்லி முடித்துவிட்டு, கல்லில் இருப்பவளின் கை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்குக் குனிந்து, நிதானமாக, குடிப்பவளுக்குப் புரையேறாதபடி ஊற்றினாள். தண்ணீர் கல்லில் விழுந்து ஓடியது. கல் நனைவதை அவள் பார்த்தாள், நனைந்தால் என்ன, அக்காவின் உச்சியில் அது அக்காவின் கையில்தான் விழும் என்று நம்பினாள். சொம்பைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டுவரை உதறினாள். அவளுக்கு நெஞ்சு லேசாகி, பசித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. அக்காவுக்குப் பக்கத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுக் காலிச் சொம்போடு இறங்கினாள்.

நெருக்கை விட்டு வெளியே வந்தபோது ஒச்சம்மாள் அவள் விட்டுப்போன அதே பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா," என்றாள்.

சீனியம்மாள் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். அக்கா தன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள் என்பது பிடிபட நேரமாயிற்று.

"நீ எப்ப எறங்குன?"

"ஏறுனாத்தான எறங்குறதுக்கு."

"நீ உள்ள வரலயா?"

"ஒரு கால உள்ள வச்சேன்," என்றாள் ஒச்சம்மாள், மூச்சை இழுத்து இழுத்து. "அங்கிட்டுப் போனா நீ இருக்க மாட்டேன்னு நெனப்பு வந்துருச்சு. இங்கனயே இருந்தா எப்பிடியும் நீ வருவ. அதான் உக்காந்துட்டேன்."

சீனியம்மாளுக்கு முதலில் வந்தது கோபம்தான். "அப்ப நான் அம்புட்டு நேரமும் யாருக்கு ஊத்துனேன்?"

"எனக்குத்தான்."

"நீதான் இல்லயே."

"நான் இல்லன்னு ஒனக்குத் தெரியாதுல்ல."

நெருக்கிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தனிமையிலிருந்து வந்தவர்கள் முதலில் யார் முகத்தையாவது பார்க்கத் தவிப்பார்கள், அப்படிப் பார்த்த முதல் முகங்கள் இந்த இரண்டு பேருடையதாக இருந்தன, அதனால் நகராமல் நின்றுவிட்டார்கள். நாங்களும் நின்றோம்.

"பேச்சுச் சத்தமே வரல, என்ன பண்ணிக்கிட்டு இருந்த இம்புட்டு நேரம்?" என்றாள் ஒச்சம்மாள்.

"பேசிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"யார்கிட்ட?"

"ஒங்கிட்ட. ஆத்தாளப் பத்தி."

"என்னன்னு?"

சீனியம்மாள் வாயைத் திறந்தாள். மேலே அத்தனை கோவையாக வந்தது இப்போது வரவில்லை. தோசை வரவில்லை, போன் வரவில்லை, ஒச்சு எங்கே என்று தாய் கேட்டதும் வரவில்லை. "நாளைக்குச் சொல்லிக்கிறலாம்னு நெனச்சேன்க்கா," என்றாள். "அம்புட்டுத்தான்."

ஒச்சம்மாள் கீழே கிடக்கிற ஊரைப் பார்த்தாள்.  "நான் என்ன சொன்னேன் அதுக்கு?"

"நீ ஒண்ணும் சொல்லல."

"சரியாத்தான் இருந்திருக்கேன்."

அவளுக்கு வேர்வை வழிந்தது. சீனியம்மாள் முந்தானையால் விசிறினாள், அக்கா தடுக்கவில்லை. கீழே இறக்குவதற்குக் கட்டில் கொண்டுவர எங்களில் ஒருவன் ஓடினான். ஒச்சம்மாள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள்.

"தாகமா இருக்கு. ஊத்து."

சீனியம்மாள் கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள். "மேலயே ஊத்திட்டேனேக்கா. மிச்சம் வைக்கக் கூடாதுன்னு. இரு, ஓடிப்போயி மோந்துட்டு வந்துர்றேன்."

"போகாத."

"இந்தா, நெருக்கத் தாண்டுனா சுன."

"நீ உள்ள போயிட்டா நான் மறுபடி ஒத்தயில கெடக்கணும். போகாத. ஊத்து."

எங்களில் யாரிடமோ பாட்டிலில் தண்ணீர் இருந்தது, எடுத்தும் நீட்டினான். ஒச்சம்மாள் அவனைப் பார்த்த பார்வையில் பாட்டிலைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

சீனியம்மாள் குனிந்து, அக்காவின் கைகளுக்கு மேலே காலிச் சொம்பைச் சாய்த்தாள். ஒச்சம்மாள் ஏந்திய கையை உதட்டுக்குக் கொண்டுபோய்க் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. விரலிடுக்கில் ஒழுகிவிடாமல் கையை இறுக்கிக்கொண்டு, தாகம் எடுத்தவர்கள் குடிக்கிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"இன்னும் ஊத்து சீனி," என்றாள்.

சீனியம்மாள் அழுதுகொண்டே ஊற்றினாள். அக்கா போதும் என்று சொல்கிறவரைக்கும் ஊற்றினாள்.